குடித்துப் பார்க்காத கிணறு

கரவெட்டியில் மார்க்கண்டர் என்று கேட்டால் இரண்டு மூன்று வீட்டைக் காட்டுவார்கள். 'பைப் மார்க்கண்டர்' என்று கேட்டால்தான் சரியான படலையில் கொண்டுபோய் விடுவார்கள். மலாயாவில், தைப்பிங் நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடும் கந்தோரில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, 1936இல் பென்சனும் ஒரு வெள்ளைக்காரத் தொப்பியுமாக ஊர் திரும்பியவர் அவர். ஒரே மகன் ஈப்போவில் கிளாக்கர். வீட்டில் அவரும் மனைவி பூரணமும் மட்டும்தான்.

மலாயாப் பென்சன்காரருக்கு ஊரில் செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை. காலையில் பத்திரிகை, மாலையில் கோயில், இடையில் வேலி எல்லை பற்றிப் பக்கத்துக் காணிக்காரனோடு ஒரு சண்டை. மார்க்கண்டருக்கும் அப்படி ஒரு பக்கத்துக் காணிக்காரர் இருந்தார். சோமசேகரம், முறைக்கு மச்சான். வந்த முதல் வருடம் இரண்டு பேரும் ஒரு கிளுவை மரத்தைப் பற்றி மட்டுமே கதைத்தார்கள். அப்படியே கிடந்து காலம் தள்ளியிருப்பார். நன்னீர்ச் சங்கம் வந்து அவரைக் காப்பாற்றியது.

அந்தச் சங்கத்தின் தலைமைக் கந்தோர் ஸ்கொட்லாந்தில். யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் காணாத யாரோ நல்ல மனிதர்கள் அங்கே காசு சேர்த்து, தண்ணீர் இல்லாத ஏழைக் குடியிருப்புகளுக்குக் கிணறு வெட்டிக் கொடுக்கும்படி அனுப்பினார்கள். நல்லூரில் ஒரு வாடகை வீட்டில் மிஸ் வோக்கர் என்ற வெள்ளைக்கார அம்மா செயலாளராக இருந்தார். தமக்கு இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. உதவி செய்யப் புறப்படுகிறவர்களிடம் இது அரிதாகத்தான் காணக் கிடைக்கும். ஆகவே, உள்ளூரில் மூன்று பேரைக் கௌரவ ஆலோசகர்களாகப் பிடித்தார். சுகாதாரத்துக்கு, குருநகரில் வைத்தியம் பார்த்த டொக்டர் செபநாயகம். காணி விஷயத்துக்கு, உறுதி எழுதும் நொத்தாரிசு இராசநாயகம். தண்ணீருக்கு மார்க்கண்டர். கௌரவம் என்றால் சம்பளம் இல்லை என்று அர்த்தம். மாதம் ஒருமுறை கூட்டத்தில் தேத்தண்ணீரும் விசுக்கோத்தும் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்துக்கு மார்க்கண்டர் போகும் நாளில் வீடு அமளிப்படும். கோட்டைத் தட்டி, தொப்பியைத் துடைத்து, பஸ்ஸுக்கு நேரத்தோடு போய் நிற்பார். மிஸ் வோக்கர் எதைக் கேட்டாலும் கடைசியில் அவர் பக்கம் திரும்பி, "தண்ணீர் ஆலோசகர் என்ன சொல்றார்?" என்று தன் தமிழில் கேட்பார். தைப்பிங்கில் முப்பது வருடமும் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அங்கே துரை சொல்வார், இவர் செய்வார். இங்கே இவர் சொன்னார், வெள்ளைக்கார அம்மா கேட்டார். அவர் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலம் வேறு இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் தண்ணீர் விஷயத்தில் விண்ணன். மலாயாவில் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து திணிக்கவில்லை. ஊர் ஊராகக் கிணற்றைப் பார்த்து, கேட்டு, குடித்துப் பழகினார். கூட்டத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "எங்கடை மண்ணிலை நல்ல தண்ணி உவர்த் தண்ணிக்கு மேலை மிதக்குது, பாலுக்கு மேலை ஆடை மாதிரி. ஆடையை எடுக்கிற ஆள் பானையின்ரை அடியைக் கிண்டக்கூடாது. தண்ணி குறையுதெண்டு கிணத்தின்ரை அடிப்பாறையை உடைச்சால் உவர்தான் வரும்." ஓரிடத்தில் இன்னும் ஒரு முழம் தோண்டச் சொல்லிச் சனம் கெஞ்சியபோது, தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்து சத்தம் போட்டார் என்று சொல்வார்கள்.

கிணறு முடிந்ததும் அவருக்கு ஒரு முறை இருந்தது. தோண்டும்போது ஊறும் தண்ணீர் சேறும் வெடிமருந்துமாக இருக்கும். அதை இறைத்துக் கொட்டி, புதுநீர் ஊறிய பிறகே நாக்கில் வைப்பார். திறப்பு நாளன்று எல்லாருக்கும் முன்னால் தன் கையால் முதல் வாளியை அள்ளுவார். முதல் மிடறைக் கொப்பளித்துத் துப்புவார். இரண்டாவதை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். மூன்றாவதை விழுங்குவார். பிறகு "நல்ல தண்ணி" என்பார். மிஸ் வோக்கருக்கு இது மிகவும் பிடித்துப் போய், அதையே சங்கத்தின் விதியாக்கிவிட்டார். தண்ணீர் ஆலோசகர் குடித்து நல்லதென்று சொல்லும்வரை எந்தக் கிணற்றையும் சங்கம் சனத்திடம் ஒப்படைக்காது. தென்மராட்சி, வலிகாமம் என்று பல கிணறுகள் அப்படி அவருடைய நாக்கைத் தாண்டிப் போயின.

இனி அவருடைய வீட்டுக் கிணற்றுக்கு வருவோம். வீட்டுக்குப் பின்னால் பனங்காணி. அதற்கு அப்பால் ஒரு குடியிருப்பு. அந்தச் சனத்துக்கு ஊரில் எந்தக் கிணற்றிலும் கயிறு தொட உரிமை இல்லை. அவர்களுடைய நிலத்தில் தோண்டினால் உவர். ஆகவே அந்தப் பெண்கள் விடியற்காலையில் குடங்களோடு வந்து பூரணத்தின் கிணற்றுக்கு எட்டத்தில் நிற்பார்கள். பூரணம் துலாவில் அள்ளி, குடத்தில் வாளி முட்டாமல் உயரப் பிடித்து ஊற்றுவாள். மார்க்கண்டர் மலாயாவில் இருந்த காலம் முழுக்க அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். அவர் ஊருக்கு வந்த பிறகும் செய்தாள். அவர் கண்ணில் அது பட்டதுதான், ஆனால் வேலியில் இருக்கும் காகம் படுகிற மாதிரிப் பட்டது.

1938இல் ஒரு கூட்டத்தில் டொக்டர் செபநாயகம் வாயைத் திறந்தார். "கரவெட்டியிலை ஒரு குடியிருப்பிலை வயித்தோட்டம். போய்ப் பார்த்தனான். கேட்டு வாங்குற தண்ணி போதாமல் கேணித் தண்ணியும் குடிக்கினம். மார்க்கண்டர், உங்கடை வீட்டுக்குப் பின்னாலைதான்."

எல்லாரும் தண்ணீர் ஆலோசகரைப் பார்த்தார்கள். மார்க்கண்டருக்குக் காது சூடாகியது. "அவையின்ரை நிலத்திலை உவர். ஆனால் பக்கத்துப் பனங்காணியிலை நல்ல தண்ணி இருக்கு. அது எனக்கு நிச்சயம்" என்றார்.

"அந்தக் காணி யாருடையது?" என்று மிஸ் வோக்கர் கேட்டார்.

"என்ரைதான். கிணத்துக்கு வேண்டிய துண்டை நான் தாறன்."

மிஸ் வோக்கர் கை தட்டினார். டொக்டரும் தட்டினார். நொத்தாரிசு இராசநாயகம் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மார்க்கண்டர், உந்தக் காணி உங்கடை தகப்பன்வழி முதுசமோ, அல்லது வீட்டுக்காறியின்ரை சீதனமோ?"

மார்க்கண்டர் விசுக்கோத்தைத் தட்டில் வைத்தார். அது பூரணத்தின் சீதனம். எங்கள் தேசவழமைச் சட்டத்தில் சீதனக் காணி பெண்ணுடையது, அவளுடைய கையெழுத்தில்லாமல் புருஷன் அதில் ஒரு பனங்கொட்டையும் ஒருவருக்கும் கொடுக்க முடியாது. முப்பது வருடம் தைப்பிங்கில் இருந்து 'என்ரை காணி, என்ரை பனை' என்று கடிதம் எழுதி எழுதி, மனிதர் தன் கடிதத்தைத் தானே நம்பிவிட்டார்.

பூரணம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, சுற்றி வளைத்துச் சங்கதியைச் சொல்லி முடித்தார். அவள் நிமிரவில்லை.

"ஆரின்ரை காணியை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"குடுக்கேல்லை. குடுக்கிறதெண்டு சொன்னனான்."

"அவையளுக்குத் தண்ணி வேணுமெண்டால் இஞ்சை வந்து வாங்கட்டும். நான் இல்லையெண்டு சொன்னனானே?"

"நீ அள்ளி ஊத்தினால்தானே அவைக்குத் தண்ணி. உனக்கு ஒரு நாளைக்குக் காய்ச்சல் எண்டால்?"

"அண்டைக்குப் பொறுப்பினம்" என்றாள் பூரணம்.

அதைச் சொன்ன பிறகு அவள் கை நின்றது. தான் சொன்னதையே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள் போலிருக்கிறது. வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் ஊர் ஊராய்ப் போய்க் கிணறு பார்க்கிறியள். இந்தக் கிணத்திலை ஆர் அள்ளுறதெண்டு ஒரு நாள் வந்து பார்த்தனீங்களோ? சரி, நான் கையெழுத்து வைக்கிறன். ஆனால் அந்தக் கிணறு வெட்டி முடியுமட்டும் நீங்கள்தான் அவையளுக்கு அள்ளி ஊத்தவேணும். என்ரை தோள் விட்டுப் போச்சு."

அப்படித்தான் நன்னீர்ச் சங்கத்தின் தண்ணீர் ஆலோசகர் அடுத்த நாள் தொடக்கம் துலாக்கயிறு பிடித்தார். முதல் நாள் அரைவாசித் தண்ணீர் நிலத்தில் போனது. வரிசையில் முன்னுக்கு நின்றவள் கந்தி, நாற்பது வயதிருக்கும், குடியிருப்பில் எல்லாரும் அவள் சொல் கேட்பார்கள்.

"நாச்சியார் வாளியைக் கொஞ்சம் சரிச்சுப் பிடிக்கிறவா, நயினார். அப்ப சிந்தாது."

மார்க்கண்டர் சரித்துப் பிடித்தார். சிந்தவில்லை. இரண்டு மூன்று நாளில் கையில் கொப்புளம் போட்டு, அது உடைந்து, தோல் தடித்தது. ஒரு நாள் கந்தியிடம் கேட்டார்: "நீங்கள் எப்ப வாறனீங்கள்?"

"விடிவெள்ளி எழும்பேக்கை, நயினார்."

"ஏன் அவ்வளவு வெள்ளண? பூரணம் விடிஞ்ச பிறகுதானே எழும்புறவள்."

"நாச்சியார் எப்ப எழும்புவா எண்டு எங்களுக்குத் தெரியாதே" என்றாள் கந்தி.

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா உள்ளதைச் சொன்னாள். மார்க்கண்டருக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து இருட்டோடு எழும்பினார்.

பனங்காணியில் வேலை நடந்தது. செம்மண்ணை எடுத்து, கல்லுக்கு வெடி வைத்து, கந்தியின் புருஷனும் தமையன்மாரும் தோண்டினார்கள். மச்சான் சோமசேகரம் ஒவ்வொரு நாளும் வேலியடியில் வந்து நின்று பார்த்தார். "இண்டைக்குக் கிணறு கேப்பினம், நாளைக்குக் கோயில் கேப்பினம். நீ மலாயாவிலை எல்லாத்தையும் மறந்திட்டாய், மச்சான்" என்றார். மார்க்கண்டர் சிரித்துவிட்டுத் தொப்பியைச் சரி செய்தார். தைப்பிங்கில் சீனனுடைய கோப்பிக் கடையில் ஒரே மேசையில் பத்துச் சாதியோடும் இருந்து குடித்த மனிதர் அவர். இந்தக் கதையெல்லாம் தனக்கு ஒட்டாது என்று உண்மையாகவே நினைத்தார்.

புரட்டாசியில் ஊற்றுக் கண்டது. சேற்றுத் தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். கடைசி நாள் இறைப்பன்று, திறப்புக்கு முதல் நாள், மார்க்கண்டருக்குத் தடிமனும் காய்ச்சலும். நாள் முழுக்கக் கொத்தமல்லிக் கசாயத்தோடு வீட்டில் படுத்திருந்தார்.

திறப்பு நாளில் பனைக்குக் கீழே கதிரைகள் போட்டிருந்தார்கள். மிஸ் வோக்கரும் டொக்டரும் நொத்தாரிசும் இருந்தார்கள். வேலிக்கு அப்பால் சோமசேகரமும் இனசனமும் நின்றார்கள். பூரணம் தன் வளவுப் படலையில் நின்றாள். குடியிருப்புச் சனம் முழுவதும் புதுக் கிணற்றைச் சுற்றி நின்றது. சங்கம் புதுக் கப்பியும் புதுக் கயிறும் போட்டிருந்தது. மார்க்கண்டர் வழக்கம்போல் கோட்டின் கையை மடித்துக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தார்.

"விடுங்கோ நயினார், நாங்கள் அள்ளுறம்" என்றாள் கந்தி.

அதில் பிழை ஒன்றுமில்லை. அது அவர்களுடைய கிணறு. மார்க்கண்டர் கயிற்றை விட்டார். கந்தி அள்ளினாள். அவளுக்குக் கயிறும் கப்பியும் புதிது, ஆனாலும் ஒரு துளி சிந்தவில்லை. வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்து, ஒரு செம்பில் மொண்டு, அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்கோ, நயினார்."

இதற்கு முன்னர் திறந்த கிணறுகளும் இப்படிப்பட்ட சனத்துக்கானவைதான். ஆனால் அங்கெல்லாம் அள்ளியது அவருடைய கை, குடித்ததும் அவருடைய கையிலிருந்து. இன்றைக்குத்தான் வேறொரு கை நடுவில் வந்தது. அது வந்த பிறகுதான், சோமசேகரத்தின் கதை தனக்குள்ளும் ஒட்டியிருப்பதை அவர் கண்டார். வேலியடியில் சோமசேகரம் இருமினார். மிஸ் வோக்கர் பென்சிலோடு காத்திருந்தார். அவர் குடித்து நல்லதென்று சொல்லாவிட்டால் கிணறு ஒப்படைக்கப்படாது, குடங்கள் நாளைக்கும் பூரணத்தின் கிணற்றடிக்கு வரவேண்டும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். கை மட்டும் நீளவில்லை.

"நான் நேற்றே குடிச்சுப் பார்த்திட்டன்" என்றார் மார்க்கண்டர். "நல்ல தண்ணி."

மிஸ் வோக்கர் எழுதிக்கொண்டு கை தட்டினார். கதிரைகளில் இருந்தவர்களும் தட்டினார்கள். நேற்று முழுக்க அந்தக் கிணற்றில் இறைத்தவன் கந்தியின் புருஷன். அங்கே யார் வந்தார், யார் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாதா? "ஓம் நயினார்" என்றாள். செம்பிலிருந்ததைத் தன் குடத்தில் ஊற்றினாள். பூரணம் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். கசாயம் காய்ச்சிக் கொடுத்தவள் அவள்.

கிணறு ஒப்படைக்கப்பட்டது. தண்ணீர் நல்லதாகவே இருந்தது, அது மார்க்கண்டரின் அதிர்ஷ்டம். குடிக்காமல் சொன்ன சொல் என்னாகுமோ என்று சில வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாருக்கும் ஒன்றும் வரவில்லை, குடியிருப்பில் வயிற்றோட்டமும் நின்றது. அதன் பிறகு இரண்டு கிணறுகள் திறந்தார். இரண்டிலும் மூன்றாவது மிடறு தொண்டையில் நின்று மெதுவாக இறங்கியது. வயது போய்விட்டது என்று சொல்லி ஆலோசகர் பதவியை விட்டார். மிஸ் வோக்கர் வீட்டுக்கு வந்து மன்றாடியும் கேட்கவில்லை. யுத்தம் தொடங்கியது. ஸ்கொட்லாந்திலிருந்து காசு வருவது நின்றது. அந்த அம்மாவும் கப்பலேறினார்.

பூரணம் அந்தத் திறப்பு நாளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சில வருடம் கழித்து ஒரு மாரியில் மழை பொய்த்தது. அடுத்த கோடையில் ஊர்க் கிணறுகள் வற்றின. மார்க்கண்டரின் கிணற்றிலும் அடிப்பாறை தெரிந்தது. "பனங்காணிக் கிணத்திலை தண்ணி நிக்குதாம்" என்றாள் பூரணம். "ஒரு குடம் கேட்டு வாங்கினால் என்ன?"

"விசர்க்கதை கதையாதை" என்றார் மார்க்கண்டர்.

பிறகு அவர் செய்ததை இன்றைக்கும் கரவெட்டியில் சொல்லிச் சிரிப்பார்கள். வலிகாமம் முழுக்கத் தொப்பி எறிந்து எதை வேண்டாம் என்றாரோ, அதையே செய்தார். ஆள் பிடித்து, தன் கிணற்றின் அடிப்பாறைக்கு வெடி வைத்தார். அந்தக் கிணற்றிடம் போகாமல் இருப்பதற்காகத்தான் இந்த வேலை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தார். தண்ணீர் பொங்கி வந்தது. இரண்டு நாள் எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் தேத்தண்ணீர் கரித்தது. சோமசேகரம் வந்து ஒரு மிடறு குடித்துத் துப்பிவிட்டு, "மச்சான், இதுக்கு ஆலோசகர் தேவையில்லை, உவர்" என்றார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பூரணம் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மார்க்கண்டர் எடுத்தார். பழக்கதோஷம், முதல் மிடறைக் கொப்பளித்து முற்றத்தில் துப்பினார். இரண்டாவதை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். மூன்றாவதை விழுங்கினார். இத்தனை வருடத்தில் அவர் நாக்கில் பட்ட தண்ணீரில் அதற்கு ஒப்பானது இல்லை.

"நல்ல தண்ணி" என்றார். "எங்காலை?"

"நீங்கள் நேற்றே குடிச்சுப் பார்த்த கிணத்துத் தண்ணிதான்" என்றாள் பூரணம்.

மார்க்கண்டர் செம்பைக் கீழே வைத்தார்.

"ஆர் அள்ளித் தந்தது?"

"கந்தி. நான் போய்க் கேட்டு நிண்டு வாங்கினனான்."

அவர் மறுபடி செம்பை எடுத்து மிச்சத்தையும் குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வெறும் செம்பை நீட்டினார். பூரணம் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் அவள் எழும்பியபோது குடத்தைக் காணவில்லை. மார்க்கண்டர் இருட்டோடு அதைத் தோளில் வைத்துக்கொண்டு பனங்காணிக்குப் போயிருந்தார். அங்கே இன்னும் ஒருவரும் வரவில்லை. கப்பியும் வாளியும் இருந்தன, கயிறு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை. கந்தி எப்போது எழும்புவாள் என்று அவருக்குத் தெரியாது. கிணற்றுக் கட்டுக்கு எட்டத்தில் குடத்தை வைத்துவிட்டுக் காத்து நின்றார்.